பன்னிரண்டாவது நிமிஷம்

மூன்றாவது பிளாப்பி பாதி ஓடிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுவிட்டது.

திரையில் பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. அப்புறம் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அசையவில்லை.

"ஏம்பா, உனக்கு இன்னாதான் வேணும்? வாயத் தொறந்து சொல்லேன்!" என்று உலகநாதன் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

பக்கத்தில் நின்ற இன்பமேரிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் வரவில்லை. அந்த வீட்டில் யாரும் சிரித்து நாற்பது நாள் ஆகிறது.

இன்பமேரிக்குப் பதினொரு வயது. வில்லியனூருக்குப் பக்கத்தில் அவளுடைய ஊர். அவளுக்கு ஒரே அண்ணன், இக்னேஷியஸ். புதுச்சேரி டவுனில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் செய்யும் கடையில் வேலை பார்த்தான். உலகநாதன் அவனோடு அதே கடையில் வேலை செய்பவன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் ஒருநாள் சொன்னார். இக்னேஷியஸ் உடனே கிளம்பிவிட்டான். தனித்தனிப் பாகங்களாக வரவழைத்து, வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அவனே ஒன்றாகச் சேர்த்தான். "ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது கம்ப்யூட்டர் அங்க இருக்கும் சிஸ்டர்" என்று வாக்கும் கொடுத்தான்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டான். டாஸ் ஏற்றுவது மட்டும்தான் பாக்கி. டாஸ் இல்லாத கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே தெரியாது என்று அவன் சொல்லுவான். எதை எங்கே வைக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தருவது டாஸ்தான். அது ஐந்து பிளாப்பித் தகடுகளில் இருந்தது. ஒவ்வொன்றாகச் செருகி உள்ளே ஏற்ற வேண்டும்.

அதற்குள் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈஸ்டர் முடிந்த பத்தாம் நாள் அவனைக் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அவனுக்கு இருபது வயதுதான்.

அன்றிலிருந்து அப்பா சவரிராயன் முன்னறைப் பக்கமே வருவதில்லை. வயலுக்குப் போகவும் வரவும் கொல்லைக் கதவைத்தான் பயன்படுத்தினார். அம்மா அன்னாமேரி கம்ப்யூட்டர்மேல் ஒரு புடவையைப் போட்டு மூடிவைத்தாள். கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. அதில் கோழி ஒன்று குடிபுகுந்து முட்டையிட ஆரம்பித்துவிட்டது. அதையும் அவள் விரட்டவில்லை.

நண்பன் தொடங்கிய வேலையை முடித்துக்கொடுக்கத்தான் உலகநாதன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்தான். வேறு பிளாப்பிகள் வாங்கிவந்து போட்டுப் பார்த்தான். ஒயரை மாற்றினான். எத்தனை முறை ஏற்றினாலும் பாதியில் நின்றது.

"உள்ள போர்டுலதான் கோளாறு. மாட்டும்போது இக்னேஷியஸ் எங்கியோ தப்பு பண்ணிட்டான்" என்றான் சலிப்போடு.

கொல்லைப்பக்கம் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. கயிற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வயலைப் பார்த்து நடந்தார்.

உலகநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அண்ணன் தப்பா மாட்ட மாட்டான்" என்றாள் இன்பமேரி.

"எனக்குத் தெரியாதா இன்பம்? அவன் கையவிட சுத்தமான கை எங்க கடையில எவனுக்கும் இல்ல. ஆனா இது ஏற மாட்டேங்குதே. சிஸ்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? 'போகட்டும்பா, வீட்டுக்காரங்கள கஷ்டப்படுத்தாதீங்க'ன்னுட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம பிரிச்சிடலாம். பாகமாவது வேற எதுக்காவது ஆவும்."

"பிரிச்சா, அண்ணன் செஞ்சது இல்லாமலே போயிடுமே?"

உலகநாதன் பிளாப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து உறையில் போட்டான்.

"அதுவரைக்கும் நான் ஏத்திப் பாக்கட்டுமா?"

கோடை விடுமுறைதான். அவளும் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள்தான். உலகநாதன் ஐந்து பிளாப்பிகளையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்பமேரி புடவையை விலக்கினாள். ஒரு பழைய கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஸ்விட்ச் போட்ட நேரம், நின்ற நேரம், எந்த பிளாப்பியில் நின்றது என்று மூன்றையும் எழுதினாள்.

மூன்றாவது பிளாப்பி. ஒன்பது பன்னிரண்டு.

உடனே அணைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாள். இந்த முறை முதல் பிளாப்பியிலேயே நின்றுவிட்டது.

"இன்னாடி இது, போகப் போக மோசமா ஆவுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடியும் முயன்றாள். மறுபடியும் மூன்றாவது பிளாப்பி வரைக்கும் வந்தது. மறுபடியும் பன்னிரண்டு நிமிஷம்.

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை பிளாப்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையோ?

செவ்வாய்க்கிழமை ஸ்விட்சை மட்டும் போட்டாள். பிளாப்பி எதையும் செருகவில்லை. பதினைந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் முதல் பிளாப்பியைச் செருகினாள். அது இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் பச்சை எழுத்து வந்துவிட்டது.

வியாழக்கிழமை விடியற்காலையில் கோடை மழை கொட்டியது. தரையெல்லாம் சில்லென்று இருந்தது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் நான்காவது பிளாப்பி வரைக்கும் போனது. பதினெட்டு நிமிஷம்!

நின்றதும் இன்பமேரி பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அண்ணனின் நெற்றியிலும் இப்படித்தான் கையை வைத்துப் பார்த்தாள். அவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். அப்புறம் நோட்டில் எழுதினாள்: 'சூடு வந்தால் நிற்கிறது.'

ஞாயிற்றுக்கிழமை உலகநாதன் பெரிய பையோடு வந்து இறங்கினான். பாகங்களைப் போட்டுக்கொண்டு போவதற்கான பை அது. அவன் உட்காருவதற்குள் இன்பமேரி நோட்டை நீட்டினாள்.

அவன் நின்றபடியே படித்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்து, முதலிலிருந்து இன்னொரு முறை படித்தான்.

"நாலு ஞாயித்துக்கெழமையா நான் பிளாப்பிய மாத்திக்கினே இருந்தேன். மணியப் பாக்கணும்னு தோணல பாரு" என்றான். "சூடானா எதுவும் லேசா விரியும். எங்கியோ ஒரு எடத்துல பட்டும் படாம இருக்குது. சூடு ஏறினதும் வுட்டுப்போவுது."

கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த பச்சை நிறப் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தான். அதில் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள் இருந்தன. கம்ப்யூட்டரின் ஞாபகமெல்லாம் அந்தச் சில்லுகளில்தான் இருக்கிறது. வரிசைக்கு ஒன்பதாக நான்கு வரிசை. மொத்தம் முப்பத்தாறு. உலகநாதன் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தான்.

"எல்லாம் இறுக்கமா உக்காந்திருக்குது. ஒண்ணுகூட ஆடல."

இன்பமேரி மேசையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு பலகையைப் பக்கவாட்டில் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் சில்லுகளின் கால்கள் தெரிந்தன. மரவட்டைக் கால் மாதிரி, ஒரு பக்கத்துக்கு எட்டு. அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒரு சில்லு, அடுத்த சில்லு, அதற்கடுத்தது. பிறகு பலகையைத் திருப்பி வைத்து அந்தப் பக்கக் கால்கள்.

கழுத்து வலித்தது அவளுக்கு. மூன்றாவது வரிசையில், கடைசிக்கு முந்தின சில்லில் அவள் விரல் நின்றது.

"அண்ணே, இதுக்கு இந்தப் பக்கம் ஏழு காலுதான் இருக்குது."

"நல்லா எண்ணினியா?"

"மூணு வாட்டி எண்ணிட்டேன்."

உலகநாதன் அந்தச் சில்லை மெல்ல நெம்பி எடுத்துக் கவிழ்த்தான். எட்டாவது கால் அடியில் மடங்கி, வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது.

"அழுத்தும்போது குழிக்குள்ள போவாம மடிஞ்சிருக்குது" என்றான். அவனால் நம்பவே முடியவில்லை. "இக்னேஷியஸா இப்படிப் பண்ணான்? ஒரு கால் வளைஞ்சாலும் எங்களத் திட்டுவானே! எப்பம்மா போட்டான் இத?"

இன்பமேரி யோசித்தாள். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"குருத்து ஞாயிறு அன்னிக்கி. கோயில்லேர்ந்து வந்து உக்காந்தான்."

ஞாபகம் ஒவ்வொன்றாக வந்தது. ஈஸ்டருக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சட்டையெல்லாம் நனைந்துபோகும் அளவுக்கு வியர்த்திருந்தான். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே, "வெளிச்சம் பத்தல, ஜன்னல நல்லாத் தொற" என்றான். "உனக்குக் கெழவன் கண்ணு வந்துடிச்சி" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"அண்ணே, அன்னிக்கே அவனுக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள். "எங்களுக்குத் தெரியல. நான் பக்கத்துலதான் இருந்தேன். எனக்குத் தெரியல."

அவள் அழுதாள். உலகநாதன் அவள் தலையில் கை வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து உலகநாதன் சில்லைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேசையிலேயே வைத்தான்.

"ரெண்டு தரம் வளைச்சா இந்தக் காலு ஒடைஞ்சிடும். என்னால முடியாது போலிருக்கு."

இன்பமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் முள்வாங்கியைக் கொண்டுவந்தாள். வயலிலிருந்து வரும் அப்பாவின் காலிலிருந்து எத்தனையோ முள்ளை எடுத்த கை அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மடங்கிய காலின் நுனியைப் பற்றி, மெல்ல மெல்ல நிமிர்த்தினாள்.

கால் உடையவில்லை.

சில்லைத் திரும்ப வைத்து அழுத்தி, பலகையைப் பெட்டிக்குள் மாட்டினார்கள். ஒயரைச் செருகினார்கள். முதல் பிளாப்பி ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவதைச் செருகியபோது இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

நான்காவது. ஐந்தாவது.

கம்ப்யூட்டர் ஐந்தையும் வாங்கிக்கொண்டது. அட்டைப்பெட்டியில் உட்கார்ந்திருந்த கோழி மட்டும்தான் சத்தம் போட்டது.

உலகநாதன் தணிந்த குரலில் சொன்னான்: "அப்பாகிட்ட சில்லு கம்பெனிலேர்ந்தே அப்படித்தான் வந்துச்சின்னு சொல்லிடலாம். இக்னேஷியஸ் பண்ண தப்புன்னு ஏன் சொல்லணும்?"

இன்பமேரி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

அப்பா மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, கம்ப்யூட்டர் சரியாயிடுச்சி. ஒரு சில்லுல ஒரு கால் மடிஞ்சிருந்துச்சி. அண்ணன் போட்டதுதான்."

அப்பா திரும்பாமல் வைக்கோலை உதறிக்கொண்டே இருந்தார்.

"குருத்து ஞாயித்துக்கெழம போட்டான்பா. அன்னிக்கே அவனுக்கு ஜுரம். கண்ணுகூட சரியாத் தெரியல. அப்படியும் முப்பத்தஞ்சு சில்லு சரியா போட்டிருக்கான்."

அப்பாவின் கையிலிருந்த வைக்கோல் அப்படியே நின்றது.

"அன்னிக்கா?" என்றார். "அன்னிக்கித்தாம்மா மடைய மாத்தி வுட வாடான்னு கூப்பிட்டேன். முடியலப்பான்னான். சோம்பேறின்னு திட்டிட்டேன்."

இன்பமேரி அவர் அருகே போய் நின்றாள். "நானும் கெழவன்னு கிண்டல் பண்ணேன்பா."

அப்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவள் தலைமேல் வைக்கோல் துரும்புகள் உதிர்ந்தன. நாற்பது நாளுக்குமேல் அடக்கிவைத்திருந்த அழுகையை அவர் அன்றைக்குத்தான் அழுதார். மாடு ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

பிறகு கை கால் கழுவிக்கொண்டு அவர் முன்னறைக்கு வந்தார். நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார். அம்மாவும் அடுப்படியிலிருந்து வந்தாள். உலகநாதன் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

இன்பமேரி ஸ்விட்சைப் போட்டாள். பிளாப்பி இல்லாமலேயே, கம்ப்யூட்டர் முதல்முறையாகத் தானாக விழித்துக்கொண்டது. திரையில் ஒரு வரி வந்து நின்றது.

"இன்னாம்மா சொல்லுது?" என்றார் அப்பா.

"இன்னிக்கி என்ன தேதின்னு கேக்குதுப்பா. அதுக்குத் தெரியாதாம்."

அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. அம்மாதான் கோயில் அறிவிப்பை நினைவுபடுத்திக்கொண்டு சொன்னாள்: "மே இருபத்தொண்ணு."

இன்பமேரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பா மாட்டுவண்டியில் தடிமனாக வைக்கோல் பரப்பி, அதன்மேல் கம்ப்யூட்டரை ஏற்றினார். அட்டைப்பெட்டியைக் கோழி தரவில்லை. அதனால் அம்மாவின் இரண்டு புடவைகளைச் சுற்றினார்கள். மாடுகளுக்கே அலுத்துப்போகும் அளவுக்கு மெதுவாக அப்பா வண்டியை ஓட்டினார். இன்பமேரி திரையை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஆசிரியை ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரா! எங்க வாங்கினீங்க இத?"

"வாங்கலைங்க" என்றார் அப்பா. "எம்புள்ள செஞ்சான். எம்பொண்ணு முடிச்சா."