ஒன்பதாவது புள்ளி

“அழிச்சிடுங்கன்னு நேத்தே சொன்னேனா இல்லையா?”

“அழிச்சேன் சார், உங்க கண்ணு முன்னாடிதானே...”

“அப்போ இதை யாரு வச்சது, பூனையா?”

“நான் வைக்கலைன்னு சொல்றதைக் கொஞ்சம் காதுல...”

இன்ஸ்பெக்டர் கணினித் திரையை விரலால் தட்டினார். ஆற்றோரச் சாலையின் வரைபடம். அதன்மேல் எட்டுச் சிவப்புப் புள்ளிகள். எட்டையும் கோத்துக்கொண்டு போன கோட்டின் நுனியில், பழைய ஐஸ் ஃபேக்டரியின் மேல், ஒன்பதாவது.

வருகிற தகவல்களையெல்லாம் சலித்து, ஒன்றோடொன்று பொருத்தி, எங்கே தேடலாம் என்று சொல்வது, அவர் திட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் ஊழியரின் வேலை. ஸ்டேஷனில் அவளுக்குப் புள்ளிக்காரம்மா என்று பெயர்.

அந்த எட்டும் ஒரு பெண் போனில் சொன்ன இடங்கள். தங்கச்சியை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று ஒரே மாதத்தில் எட்டு முறை கூப்பிட்டாள். எட்டு முறையும் வேறு வேறு இடம். சொல்லி முடித்ததும், “எழுதிக்கிட்டீங்களா அக்கா?” என்று கேட்பாள்.

புள்ளிக்காரம்மா எழுதிக்கொண்டாள். பக்கத்துக் கட்டத்தில் நம்பகத் தரமும் போட்டாள். பேச்சு மாறுகிறவருக்குக் கடைசித் தரம். கடைசித் தரத் தகவல் வரைபடத்தில் ஏறாது. அதுதான் அங்கே விதி.

போன வாரம் அந்தப் பெண்ணை ஆற்றிலிருந்து பிணமாகத் தூக்கினார்கள்.

மறுநாள் காலை, யாரும் ஏற்றாமலே, எட்டுப் புள்ளிகளும் வரைபடத்தில் தேதி வரிசையில் நின்றன. பார்த்ததும் புள்ளிக்காரம்மாவுக்குப் புரிந்தது. அந்தப் பெண் பேச்சு மாறவே இல்லை. தங்கச்சியைத்தான் இடம் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். அக்காக்காரி பின்னாலேயே அலைந்து சொல்லியிருக்கிறாள்.

எட்டு இடத்திலும் தேடினார்கள். எல்லாம் காலி. நேற்றுத்தான் ஒன்பதாவது முளைத்தது. யார் சொன்னதென்று தெரியாத புள்ளிக்குப் படையை அனுப்ப முடியாது என்றார் இன்ஸ்பெக்டர். புள்ளிக்காரம்மாவும் விவரத்தைத் திறந்து பார்க்காமலே அழித்துவிட்டாள்.

இப்போது அதன்மேல் அழுத்தினாள். விவரம் விரிந்தது.

தகவல் தந்தவர் என்ற இடத்தில் அதே பெண்ணின் எண்.

நேரம், நேற்று மதியம் மூன்று மணி.

தரம் போடும் கட்டம் மட்டும் காலி.

இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கிவிட்டது. “அந்தப் பொண்ணோட போன் எங்கம்மா இருக்கு?”

“நம்ம அலமாரியிலதான் சார். தண்ணி ஏறிப்போனது. பேட்டரியைக்கூடக் கழட்டி வச்சிருக்கு.”

இன்ஸ்பெக்டர் ஜீப் சாவியை எடுத்தார்.

ஐஸ் ஃபேக்டரியின் பின்கட்டில் ஒரு அறை, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்ளே ஒரு பாய், பாதி குடித்த தண்ணீர், சின்னப் பெண்கள் போடும் ரப்பர் பேண்டில் சிக்கிய நாலு முடி. வாசல் மண்ணில் வண்டிச் சக்கரத் தடம் இன்னும் உதிரவில்லை.

“நேத்து வந்திருந்தா...” என்றார் இன்ஸ்பெக்டர்.

அறை முழுக்க ஆற்றுச் சேற்றின் வாடை.

கூரையில் ஒழுகல் இல்லை. ஆனால் பாயை ஒட்டி, நனைந்த துணியோடு ஒருத்தி வெகுநேரம் துணைக்கு உட்கார்ந்திருந்ததைப் போல, தரையில் ஈரம்.

புள்ளிக்காரம்மா குனிந்து தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

திரும்பி வந்து திரையைப் பார்த்தார்கள். ஒன்பதோடு கோடு நின்றிருந்தது. சாயங்காலம் வரை இருவரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. பத்தாவது வரவில்லை.

அந்தப் பெண் கோபித்துக்கொண்டாளோ என்று புள்ளிக்காரம்மா நினைத்தபோதுதான், அலமாரிக்குள் மணி அடித்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவள் அலமாரியைத் திறந்தாள். உறைக்குள் பேட்டரி இல்லாத போன் அதிர்ந்துகொண்டிருந்தது. பிரித்துக் காதில் வைத்தாள்.

சொட்டு. சொட்டு. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

அவள் நோட்டைப் புரட்டி, தரம் போடும் கட்டத்தைக் குறுக்கே அடித்தாள்.

“சொல்லும்மா... தங்கச்சி இப்போ எங்க இருக்கா? எழுதிக்கறேன்.”