அதே பெயர், அதே பாஸ்வேர்டு

முனீரா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் ஃபோன், மகள் யும்னாவின் ஃபோன், பள்ளி லேப்டாப், டிவி, பிரிண்டர், ஹால் ஏர்கான். ஆறுதான் வந்தது. புது இன்டர்நெட் நிறுவனத்தின் ஆப் மட்டும் ஏழு இணைந்திருப்பதாகச் சாதித்தது.

"பழைய வைஃபை பேரு, பாஸ்வேர்டு ரெண்டையும் அப்படியே போட்டுட்டேன்க்கா," என்றான் இணைப்பு மாற்ற வந்த திலீப், சுவரோரம் கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கியபடி. "வீட்ல உள்ளதெல்லாம் தானா கனெக்ட் ஆயிடும்லா. ஒவ்வொண்ணா மாத்த வேணாம். எல்லா வீட்லயும் இப்படித்தான் செய்வோம்."

ஏழாவதன் பெயர், ஃபாரூக் ஃபோன்.

"அண்ணனோட பழைய ஃபோன் ஏதாச்சும் டிராயர்ல ஆன்ல இருக்கும். வேணாம்னா பிளாக் பண்ணிடுங்க, உள்ள வராது." அவன் ஹாலில் ஒரு பெட்டியும் யும்னாவின் அறையில் ஒரு பெட்டியும் வைத்திருந்தான். நடுவில் இருக்கும் பாம் ஷெல்டரின், அந்தக் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையின், தடித்த சுவர் சிக்னலை விடாதாம். எந்தச் சாதனம் எந்த அறையில் இருக்கிறது என்றுகூட ஆப் காட்டும் என்றான்.

முனீரா தலையாட்டி வைத்தாள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ஜூரோங்கில் கப்பல் கட்டும் தளத்திலிருந்து கணவர் ஃபாரூக் தவறிக் கடலில் விழுந்தபோது அந்த ஃபோன் அவர் சட்டைப்பையில் இருந்தது. அவர் உடலை எடுத்தார்கள். ஃபோனை எடுக்கவில்லை. பிறகு நான்கு மாதம் பத்து நாள், வாசலைத் தாண்டாமல், கணவனை இழந்தவளுக்குரிய இத்தா இருந்தாள். முதலில் அழுகை நின்றது, அப்புறம் பசி, கடைசியில் எதுவுமே உறைக்காமல் போய்விட்டது. அவர் பெயரில் இருந்த இணைப்பை விட்டுவிட்டுத் தன் பெயரில் புதிதாக எடுத்ததுதான், இத்தா முடிந்ததும் அவள் உருப்படியாகச் செய்த முதல் காரியம். வைஃபைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். அதை அழிக்கச் சொல்ல மட்டும் மனசு வரவில்லை.

திலீப் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பட்டியல் ஆறாகிவிட்டது.

மறுநாள் யும்னாவுக்குக் காய்ச்சல். பதின்மூன்று வயதுப் பெண், இரண்டு மணி நேரம் தனியாக இருப்பாள் என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுக்க முனீரா தேக்கா சந்தைப் பக்கமிருந்த பழைய நிறுவனத்தின் கடைக்குப் போனாள். ஈரத்தரையின் இறைச்சி வாடையும், மல்லிகைச் சரமும், யாரோ கொதிக்கும் எண்ணெயில் போட்ட வடையின் இரைச்சலும், பேருந்துகளின் பெருமூச்சும் பக்கத்து வீட்டில் நடக்கிற விசேஷம் மாதிரி அவளுக்குச் சம்பந்தமில்லாமல் வந்து போயின. கவுண்டரில் இருந்த பெண் மோடத்தை வாங்கிக்கொண்டு, "ஆன்ட்டி, ஹஸ்பெண்ட் அக்கவுன்ட் க்ளோஸ் ஆயிடுச்சு," என்றாள். முனீராவுக்குப் பை லேசானது மட்டும் தெரிந்தது.

ரயிலில் உட்கார்ந்ததும் ஃபோன் அதிர்ந்தது.

ஃபாரூக் ஃபோன் இணைந்தது. இடம்: ஹால்.

பயம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படும் அளவுக்கு, நாலு மாதத்தில் முதல் தடவையாக, சந்தோஷம். வேலை முடிந்து வந்துவிட்டார். பெயரைத் தொட்டாள். 'தடுக்கவா?' என்று கேட்டது ஆப். தடுத்தால் அவரைத் தன் கையாலேயே வெளியே தள்ளிய மாதிரி ஆகிவிடும். ரயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டும்வரை கட்டை விரல் அப்படியே நின்றது.

இடம் மாறியது. யும்னா ரூம்.

அப்போதுதான் யும்னா தனியாக இருப்பது உறைத்தது. மகளை அழைத்தாள்.

"ம்மா, கதவு சத்தம் கேட்டுச்சு. வந்துட்டீங்களா?"

"இல்லடா. நான் ட்ரெயின்ல இருக்கேன்."

யும்னாவின் காய்ச்சல் மூச்சு வேகமாகக் கேட்டது. அதனடியில் இன்னொரு மூச்சு. மெதுவாக. சாவகாசமாக.

"யும்னா?"

அழைப்பு அறுந்தது. யும்னாவின் சிம்மில் டேட்டா கிடையாது, அழைப்பெல்லாம் வீட்டு வைஃபை வழியாகத்தான். ஆப்பைத் திறந்தாள். யும்னா ஃபோன் இணைப்பில் இல்லை. ஃபாரூக் ஃபோன் இருந்தது. முழு சிக்னல்.

தடு. அழுத்தினாள். 'தடுக்கப்பட்டது' என்றது. பெயர் போகவில்லை. மறுபடி அழுத்தினாள். போகவில்லை.

புக்கிட் பாஞ்சாங்கில் எல்ஆர்டி குட்டி ரயிலுக்கு மாறி, சுவா சூ காங்கில் இறங்கி, லிஃப்டுக்குக் காத்திராமல் ஏழு மாடி ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. ஹால் எப்போதும்போல் இருந்தது. யும்னாவின் அறையில் திரை இழுத்துவிட்டிருக்க, மகள் தலையோடு போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூச்சில் போர்வை ஏறி இறங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போர்வை மேல் கை வைத்தாள். அழுகை வந்தது. எத்தனை நாளாயிற்று அழுது!

ஃபோன் அதிர்ந்தது. எதிர்வீட்டு மங்களத்தின் எண்ணிலிருந்து.

'ம்மா நான் யும்னா. மங்களம் ஆன்ட்டி வீட்ல இருக்கேன். என் பக்கத்துல யாரோ வந்து படுத்தாங்க. ஓடி வந்துட்டேன். நீங்க உள்ள போகாதீங்க.'

படித்தாள். மறுபடி படித்தாள்.

கை போர்வை மேல் இருந்தது. எடுக்க முடியவில்லை.

வெளியே வாசல் இரும்புக் கேட்டை யாரோ உலுக்கினார்கள். "ம்மா! ம்மா!" யும்னாவின் குரல்தான். எங்கோ தூரத்தில்.

கட்டில் கிறீச்சிட்டது. போர்வைக்குள் இருந்தது சுவரை ஒட்டி நகர்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றது.

பிறகு, அவளுக்காக, உள்ளிருந்து போர்வையின் ஓரம் உயர்ந்தது. உயர்ந்தபடியே இருந்தது.