எருமையை ஏன்டி வித்தே?

ஆடி ஞாயிறு. வெள்ளானூர் எல்லம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான நேரம். அருள்மொழி மட்டும் மேடையில் நின்று கதை சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கலை நிகழ்ச்சி. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள், அவ்வளவுதான். இந்த முறை ஆறாம் வகுப்பு அருள்மொழி, விழாக் கமிட்டியில் இருந்த பஞ்சர் கடை டில்லிபாபுவை விடாமல் நச்சரித்து, கதை சொல்ல இடம் வாங்கியிருந்தாள்.

"ஜனம் ஒக்காந்து கேட்டா அடுத்த வருஷமும் கதை. எழுந்து போச்சுன்னா திரும்பவும் டான்ஸுதான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்று அவர் சொல்லியிருந்தார்.

மேடையில் மைக் நின்றது. பக்கத்திலிருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் சத்தம் வரவில்லை. மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து, அதன் முன்னால் நின்றே முழுக் கதையையும் சொன்னாள். தூரத்தில் யாரோ அவளைப் போலவே பேசுவது கேட்டது. கோயில் மண்டபம் எதிரொலிக்கிறது என்று அவளுக்கு இன்னும் குஷியாகிவிட்டது.

கதை ஒரு எருமையைப் பற்றியது. அதன் பெயர் ராஜகுமாரி. அது தினமும் படுத்துப் புரளும் குட்டையை மூடி, மனை போட்டு, புது வீடு கட்டிவிடுகிறார்கள். பழக்கத்தை விட முடியாத எருமை, அந்த வீட்டுக்குள் நுழைந்து பளபளப்பான டைல்ஸ் மேல் படுத்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். கடைசியில் அதை மினி லாரியில் ஏற்றி, பூந்தமல்லிப் பக்கம் விற்றுவிடுகிறார்கள். ராஜகுமாரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறது.

அந்த முடிவுதான் அருள்மொழிக்கு உயிர். கடைசி வரியை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

சந்தோஷமாகக் கீழே இறங்கி வீட்டுக்கு நடந்தாள். பஜ்ஜிக் கடை வனஜா, கரண்டியும் கையுமாக வழியை மறித்தாள்.

"எருமைய ஏன்டி வித்தே?"

அருள்மொழிக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த எருமைக்கா?"

"ராஜகுமாரிதான். அது லாரியில ஏறுன நேரத்துல கை ஓடல எனக்கு. ஒரு ஈடு பஜ்ஜி கருகிப் போச்சு."

ஆட்டோவில் சாய்ந்திருந்த சின்னசாமியும் விடவில்லை. "ஊட்டுக்காரன் கதவ சாத்தியிருந்தா எருமை உள்ள போயிருக்குமா? தப்பு அவன் மேல. நீ எருமைய விக்கிற."

அப்போதுதான் அருள்மொழி அண்ணாந்து பார்த்தாள். விளக்குக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர். அடுத்த கம்பத்திலும் ஒன்று. ஏரிக்கரை வரைக்கும் கட்டியிருந்தார்கள். மைக் செட்காரர் மேடைப் பெட்டியை மட்டும் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். தெரு ஸ்பீக்கர்கள் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன.

டில்லிபாபு பைக்கில் வந்து நின்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, ஊருக்கே சொல்லி முடிச்சிட்டே. சாயங்காலம் யாரு வந்து கேப்பாங்க? பரவால்ல உடு, டான்ஸ் பசங்களையே ஏத்திக்கிறேன்."

அருள்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வருஷம் போனால் போகட்டும், இனி எந்த வருஷமும் கதை கிடையாதே.

பின்னால் வனஜாவும் சின்னசாமியும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அறிவுள்ள எருமை அடுத்தவன் ஊட்டுக்குள்ள போவுமா?" என்றாள் வனஜா.

"போவும். என் மாமனார் எருமை பேங்குக்குள்ளயே பூந்துது."

அருள்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களையே பார்த்தாள். பிடிக்காத கதைக்கு யாராவது இவ்வளவு சண்டை போடுவார்களா?

"மாமா, எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க. ஜனம் எழுந்தா நானே எறங்கிக்கிறேன்" என்றாள்.

சாயங்காலம் ஊர்க்காரர்கள் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். புதிதாக வீடு கட்டி வந்தவர்கள், எப்போதும் போலப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அருள்மொழி மேடை ஏறியதுமே சிரிப்புச் சத்தம்.

"கதை உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "மறுபடியும் சொல்றேன். எங்க புடிக்கலையோ அங்க கை தூக்குங்க. நீங்க சொல்றதுதான் கதை."

கதை தொடங்கிக் கொஞ்ச நேரம் ஒரு கையும் உயரவில்லை. ஒரு பெரியவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். போய்விடுவாரோ என்று அருள்மொழி பயந்தாள். அவசரமாக எருமையை வீட்டு வாசலுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

வனஜாவின் கை உயர்ந்தது. "அது உள்ள போவல. வாசல்லயே நிக்குது. அதுக்கு அறிவு கீது."

"இல்லீங்க, உள்ளே வந்துடுச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். மூன்றாவது தெருவில் புது வீடு கட்டியிருந்த மனோகரன் எழுந்து நின்றார். ஊரில் யாரிடமும் அவர் அதிகம் பேசியதில்லை.

"நான்தான் அந்த வீட்டுக்காரன்" என்றார் அவர், மிகத் தீவிரமாக. "டைல்ஸ்ல வழுக்கி விழுந்துடுச்சு, பாவம். எழுந்திருக்க முடியல. நான் ஒருத்தனா எப்படித் தூக்குறது? யாராவது வாங்களேன்."

"தூக்காத சார், கால் ஒடஞ்சிரும்" என்றாள் வனஜா. "ஒரு கோணிய போடு. அது வழுக்காம எழுந்துக்கும்."

"கோணி நான் எடுத்தாரேன்" என்றார் சின்னசாமி.

வேட்டியைத் தட்டிய பெரியவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கைகள் அங்கங்கே எழுந்தன. கதைக்குள் ஒருவர் தவிடு கொண்டுவந்தார். ஒருவர் வாலைப் பிடித்தார். வாலைப் பிடித்தவரை நாலு பேர் திட்டினார்கள். ராஜகுமாரி ஒருவழியாக எழுந்து நின்றது.

அருள்மொழிக்குத் தன் முடிவை விட மனசில்லை. "ஆனாலும் மினி லாரி வந்துருச்சு" என்றாள். "ராஜகுமாரிய ஏத்திட்டாங்க."

"வண்டி நவுராது" என்று மேடை ஓரத்திலிருந்து சத்தம் வந்தது. டில்லிபாபு.

"ஏன் மாமா?"

"பஞ்சர்."

"ஸ்டெப்னி இருக்குமே" என்றான் ஒரு பையன்.

"அதுவும் பஞ்சர். ஒட்டணும்னா என் கடைக்குத்தான் வரணும். நான் கடை தொறக்க மாட்டேன்."

கூட்டம் கைதட்டியது. அருள்மொழியின் தொண்டையில் அந்தக் கடைசி வரி நின்றுகொண்டிருந்தது. எத்தனை அழகான வரி. கீழே இருந்த முகங்களைப் பார்த்தாள். அந்த வரியை அப்படியே விழுங்கிவிட்டாள்.

"சரி, எறக்கியாச்சு. குட்டை இல்லையே. இப்ப அது எங்க போவும்?" என்று கேட்டாள்.

மனோகரன் மறுபடி எழுந்தார். "என் வீட்டுக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கு. மழைத் தண்ணி நிக்குது. இப்போ கொசுதான் குடியிருக்கு. எருமை படுத்துக்கட்டும். ஆனா பால்ல எனக்கும் பங்கு வேணும்."

"ஆசையப் பாரு" என்றாள் வனஜா. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஆட வேண்டிய பிள்ளைகள் பவுடர் பூசிய முகத்தோடு மேடைப் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நேரமாகிறது என்று டில்லிபாபு சொல்லவே இல்லை.

மறுநாள் காலையில் தண்ணி லாரிக்கு வரிசை நின்றது. அருள்மொழிக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா, மாங்காட்டுக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பிய தன் தோழிக்கு எருமைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பள்ளத்துல நல்லா படுத்துக்கிச்சா, விடியக்காலம் பார்த்தா பக்கத்துல ஒரு கண்ணுக்குட்டி..."

கன்றுக்குட்டி வந்ததாக மேடையில் யாருமே சொல்லவில்லை. அருள்மொழிக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் குடத்தைத் தூக்கி அந்த அக்காவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்புறம் இன்னாக்கா ஆச்சு?"