ஊதாமல் உட்கார்ந்த பெஞ்சு

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரத்தில், உறைந்து கிடந்த ஷும்னா ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து மரக்கதவு ஒன்று முனகும் சத்தம் வந்தது. ஃபெதிரின் கையிலிருந்த தூரிகை நின்றது. மேலே கதவென்று எதுவும் கிடையாது. மரக்கட்டைத் தெப்பங்களைக் கீழே தள்ளிவிடத் தண்ணீர் தேக்கிய, கதவு வைத்த மர அணை ஒன்று முன்பு இருந்தது. அது அழிந்து அறுபது வருஷமாகிறது.

"ஐஸ் வெடிக்குது," என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

ஊர்த்தலைவராயிற்றே, சுற்றுலாக்காரர்களுக்கு ஊர் வரலாற்றைப் பலகையில் எழுதும் பெருமையை இன்னொருவருக்கு விடுவாரா? ஆறு எந்த மலையில் பிறக்கிறது, எத்தனை ஓடைகள் சேர்கின்றன, எல்லாம் அழகாகவே வந்திருந்தது. கடைசி வரிதான் இடித்தது: 'பெருவெள்ளத்தில் தெப்பக்காரர் எழுவர் மாண்டனர்.'

வெள்ளமாம். அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கீழே அந்த எழுவரும் தெப்பம் கட்டிக்கொண்டிருந்தபோதே, குடிபோதையில் அணையைத் திறந்துவிட்டவர் ஃபெதிரின் தாத்தா இல்கோ. செத்த எழுவரில் ஒருவர் ஃபெதிரின் மனைவி யவ்தோகாவின் தாத்தா. இப்படியும் ஒரு சம்பந்தம்.

யவ்தோகா மேஜையில் ஏழு தட்டுகளை அதிகமாக வைத்தாள். ஒவ்வொன்றும் 'டக்' என்று விழுந்தது.

"உங்க தாத்தா மானத்தக் காப்பாத்த எங்க தாத்தாவ வெள்ளத்துல விட்டுட்டீங்க."

"பழசக் கிளறாத. காலைல பலகைய நடணும்."

"நான் எங்க கிளறுறேன்? சோறு போடுறேன்."

வருஷா வருஷம் இந்த ராத்திரியில், செத்துப்போனவர்கள் சாப்பிட வருவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. அவர்களை நசுக்கிவிடாமலிருக்க, பெஞ்சை ஊதிவிட்டுத்தான் யாரும் உட்காருவார்கள். ஐம்பது வருஷமாக ஃபெதிரும் ஊதியவர்தான்.

பெஞ்சு நனைந்திருந்தது.

"தண்ணி கொட்டினியா?"

"நான் அந்தப் பக்கமே போகல. ஊதிட்டு உக்காருங்க. அவங்ககிட்டயாவது ஒரு வார்த்த கேளுங்க."

"என் வீட்டுல உக்கார நான் யார்கிட்ட கேக்கணும்?"

தொப்பென்று உட்கார்ந்தார். யவ்தோகா அவரையே வெறித்துப் பார்த்தாள். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மேட்டுல எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இந்த மூஞ்சியோட உக்காந்து, முதல் நட்சத்திரம் பாத்து விரதம் முடிக்க என்னால ஆகாது."

வீட்டுக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

தேனும் கசகசாவும் போட்ட கோதுமையின் வாசனைக்கு அடியிலிருந்து மெதுவாக வேறொன்று கிளம்பியது: ஊறிய மரப்பட்டை, ஆற்றுச் சேறு, நனைந்த கம்பளி. கால்சட்டை வழியே குளிர் ஏறியது. பெஞ்சு அவருக்குக் கீழே லேசாக அமுங்கியது. மடியைப் போல.

எழப் பார்த்தார். இடுப்பைச் சுற்றி ஏதோ இறுகியது. தெப்பக்கட்டைகளைப் பிணைக்கும் முறுக்கிய பச்சைக் கிளை.

"எழுதுறேன்," என்றார். "எல்லாத்தையும் திருத்தி எழுதுறேன்."

ஏழு கரண்டிகள் ஒன்றாகத் தட்டில் இறங்கின.

பெஞ்சு ஆடியது. இடது. வலது. மிதப்பதைப் போல.

மேலே, மலையில், அந்தக் கதவு முழுதாகத் திறந்தது.

ஊறிச் சுருங்கிய விரல்கள் அவர் கையை விரித்தன. ஈரமான துடுப்பு ஒன்றை வைத்து மூடின.

கதவிடுக்கில் தண்ணீர் நுழைந்தது. ஜன்னலில் முதல் நட்சத்திரம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.