பூண்டுரிக்கும் ஓசை

உள்ளறையிலிருந்து வரும் அந்த ஓசை நின்றிருந்தது. அடுப்படியில் பால் பொங்கக் காத்திருந்த முருகேஸ்வரிக்கு அது முதலில் நிம்மதியாகவும், பிறகு பல் இடுக்கில் சிக்கிய நார்போன்ற ஓர் உறுத்தலாகவும் பட்டது.

அவள் தந்தை இராமலிங்கத்தின் வலக்கைக் கட்டைவிரல், நடுக்குவாதம் கண்ட நாள்முதல், ஆட்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வறண்ட தோலில் தோல் உரசும் அந்தச் சரசரப்பு, பூண்டின் சருகை உரிப்பதுபோலவே கேட்கும். மன்னவனூரில் எல்லா வீடுகளையும்போல அவர்கள் வீட்டு உள்ளறையிலும் பூண்டுக் கொத்துகள் விட்டத்தில் புகையேறித் தொங்கின. ஆகவே வீட்டுக்கு யார் வந்தாலும் கைப்பிடிப் பூண்டை அவர் மடியில் கொட்டிவிடுவாள். "அப்பா பூண்டு உரிக்காரு, சும்மா இருன்னா கேக்க மாட்டேங்கிறாரு" என்று சிரிப்பாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் குனிவை அவள் ஒருபோதும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இன்று அந்தப் பொய் செல்லாது. அவள் மகள் சுகன்யாவுக்கு நிச்சயம். முருகேஸ்வரியின் கணவர் இறந்துவிட்டதால் மாப்பிள்ளை வீட்டார் நீட்டும் தாம்பாளத்தை வீட்டுக்கு மூத்தவரான இராமலிங்கம்தான் கையேந்தி வாங்க வேண்டும்.

கொடைக்கானலில் மருத்துவர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: "பொகையிலையில இருக்கிற நிக்கோட்டின் இந்த நடுக்கத்துக்கு உதவுமான்னு ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்கம்மா. தோல்ல மருந்துப் பட்டை ஒட்டிப் பாத்ததுல நோய் கொறையல. ஞாபக மறதிக்கு உதவுமான்னு இன்னும் பாக்குறாங்க. நீங்களா எதையும் செஞ்சிராதீங்க, அது வெசம்." பேருந்தில் திரும்பும்போது மற்றவற்றையெல்லாம் வழியிலேயே உதிர்த்துவிட்டு, 'உதவும்' என்ற ஒன்றை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

வயலுக்குத் தெளிக்கவென்று புகையிலை ஊறிய பானை கொல்லையில் இருந்தது. காலையில் அதில் பழந்துணியைத் தோய்த்து அவர் முதுகிலும் வயிற்றிலும் இறுகச் சுற்றினாள்.

"எரியுது தாயி."

"மருந்துப்பா. அவுக போனதும் அவுத்துர்றேன்."

"நான் உள்ளயே கெடக்கேன். சீக்குன்னு சொல்லிரு."

"சொன்னா? பரம்பரைச் சீக்குன்னு வாசலோட போயிருவாக. பேசாம இருங்கப்பா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். விரலும் மெல்ல அடங்கியது.

பிற்பகலில் மூடுபனி தெருவை விழுங்கிக்கொண்டு ஏறியபோது பேத்துப்பாறையிலிருந்து ஜீப் வந்தது. மாப்பிள்ளையின் தாய் மகாராணியும் தாய்மாமன் மகேந்திரனும் பாயில் அமர்ந்தார்கள். கூடத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டையில் இராமலிங்கம். உள்ளறைக் கதவை முருகேஸ்வரி சாத்தியிருந்தாள்.

"ஐயா என்ன, போட்டோவுக்கு ஒக்காந்த மாதிரி இருக்காக!" என்றாள் மகாராணி.

"ஒன்னய மாதிரி தொணதொணக்கச் சொல்றியாக்கும்," என்றார் மகேந்திரன். எல்லோரும் சிரித்தார்கள்.

முருகேஸ்வரியும் சிரித்தாள். சிரித்தபடியே பார்த்தாள்: அந்தக் குளிரிலும் அவர் நெற்றி முத்துமுத்தாக வியர்த்திருந்தது, கடைவாயில் எச்சில் இழையாக இறங்கியது, கண்கள் மட்டும் உயிரோடு அவளைத் தேடி வந்து, பற்றிக்கொண்டு, விடாமல் கேட்டன. இப்போதே அவிழ்க்கலாம். அவிழ்த்தால் அந்த நாற்றம், அந்தக் கறை, பிறகு எல்லோர் முன்னும் அந்த விரல். முந்தானையால் எச்சிலை ஒற்றினாள். "பனி ஒத்துக்கல அவருக்கு" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

மகேந்திரன் தாம்பாளத்தை நீட்டினார். முருகேஸ்வரி தந்தையின் இரு கைகளையும் தூக்கி அதன் அடியில் வைத்தாள். தாம்பாளம் அவர் மடியில் அமர்ந்தது. வெற்றிலை நுனிகூட அசையவில்லை. ஒரு பாக்கும் உருளவில்லை. நெஞ்சு ஒருகணம் பெருமையில் விம்மியது; அப்படி விம்மியதற்காகவே மறுகணம் கூசியது.

அப்போது கேட்டது.

சர். சர். சர்.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து. சுகன்யா அவள் முன்னால் நின்றாள். விருந்தினர் பாயில் இருந்தார்கள். உள்ளே ஒருவரும் இல்லை.

காப்பி எடுப்பதுபோல எழுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். புகை மணம். பச்சைப் பூண்டின் காரம். விட்டத்தில் ஒரு கொத்து மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. பழகிய நடுக்கம். அதிலிருந்து சருகுகள் ஒவ்வொன்றாக இறங்கி, தந்தையின் வெற்றுக் கட்டிலில், அவர் கை கிடக்கும் இடத்தில், குவிந்துகொண்டிருந்தன.

திரும்பினாள். நாற்காலியில் அவர் கண்கள் அவளைத் தேடவில்லை. எதையும் தேடவில்லை. தாம்பாளத்தின் அடியில் விரலைத் தொட்டாள். பித்தளையைவிடக் குளிர்ந்திருந்தது.

கத்த வேண்டும். வாய் திறந்தது.

சர். சர். சர்.

மகாராணி காதைத் தீட்டிக்கொண்டாள். "யாரு மதினி, உள்ள பூண்டு உரிக்கிறது?"

பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"எங்க அப்பாங்க. சும்மா இருன்னா கேக்க மாட்டேங்கிறாரு."

பாயிலிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக நாற்காலியின் பக்கம் திரும்பின. தாம்பாளம் அசையவில்லை. உள்ளே ஓசை விரைந்தது. கதவின் அடியிலிருந்து வெண்சருகுகள் ஊர்ந்து வந்து, எல்லோரும் பார்த்திருக்க, குனியாத அந்தத் தலையின் கீழே, அவர் பாதங்களை மெல்ல மூடத் தொடங்கின.