மாடி ஜன்னல் கறை

காலையில் துடைத்த கறை மத்தியானம் திரும்பி வந்திருந்தது.

அவள் சுத்தம் செய்துகொண்டிருந்த பழைய படத்தின் ஒன்பதாவது ரீல். கீழ்த்தளத்தில் தீப்பற்றிய வீட்டின் முகப்பு முழுதும் தெரிகிற அகலமான காட்சி. கேமரா இடமிருந்து வலமாக மெல்ல நகர்கிறது. மாடியில் வரிசையாக நாலு ஜன்னல். மூன்றாவது ஜன்னலின் கண்ணாடியில், கீழ் மூலையில், கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தது போல ஒரு சாம்பல் தீற்று. பதினோரு மணிக்கு உட்கார்ந்து அவள் அதை எடுத்திருந்தாள். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு ஃப்ரேம். ஒவ்வொன்றிலும் கறையைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் இருந்த இருட்டுக் கண்ணாடியில் கொஞ்சம் எடுத்து மேலே பூசி, அடுத்த ஃப்ரேம், அடுத்த ஃப்ரேம் என்று மணிக்கட்டு மரத்துப் போகும் வரை செய்தாள். சாப்பிட்டு வந்து கடைசிச் சரிபார்ப்புக்குப் படத்தை ஓட விட்டால், இதோ, போன மகராசி திரும்பி வந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

சேமிக்காமல் போய்விட்டோமா என்று பார்த்தாள். சேமித்திருந்தாள். 12.51 என்று கோப்பில் நேரமே இருந்தது.

"சனியனே, நீ போக மாட்டே?" என்று திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கறுப்புத் துணி ஒட்டிய சுவர், இரண்டு திரை, ஓயாமல் மூச்சு விடும் ஏசி, சூடேறிய ரப்பர் வாசனை. கதவில் மட்டும் நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சதுரம். வெளியீட்டுக்கு முன் படத்தில் ஒரு துண்டு கூட வெளியே போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அதனால் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கதவு மேனேஜரின் கார்டுக்குத்தான் திறக்கும், உள்ளே இருந்து வெளியே போவதற்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் இன்டர்காமில் அவரைக் கூப்பிட வேண்டும். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மகளுக்கு ஏசி ரூமில் வேலை என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். மூத்திரம் போக அனுமதி கேட்கிற வேலை என்று இவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்தப் படத்தைத் தேடிப் பிடித்து வந்ததும் அவள்தான். 'மாடியில் யாருமில்லை'. வெளிவந்தபோது பதினோரு நாள் ஓடியது. பிறகு எவனும் சீந்தவில்லை. கல்லூரி விடுதியில், முகமே தெரியாத மங்கல் பிரதியில் அதைப் பார்த்துவிட்டு அவள் தூங்காமல் கிடந்தாள். மனைவி செத்துப் போனாள் என்று அழுகிற கணவன் பொய்யன் என்று அரை மணியில் தெரியும். இடைவேளையில் அவன் கணவனே இல்லை, அந்த வீட்டு டிரைவர் என்று தெரியும். யாருக்காக நாம் படம் முழுக்க அழுதோமோ அவளே கடைசியில் கையில் தீப்பந்தத்தோடு வந்து வீட்டை எரிப்பாள். அந்த வீட்டை நிஜமாகவே எரித்திருந்தார்கள். மேனேஜரின் மேஜைக்கு முன்னால் ஐந்து மாதம் நின்று, இதை உயர்தெளிவில் ப்ளூ-ரே வட்டாகப் போட்டே ஆக வேண்டும் என்று சம்மதிக்க வைத்தாள். வட்டோடு போகும் சிறு புத்தகத்தையும் அவளே எழுதினாள். 'தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய எத்தனையோ படங்களை இது ஒரே ஜன்னலில் தூக்கிப் போட்டு உடைக்கிறது. ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். நீங்கள் இதுவரை பார்த்தது இந்தப் படத்தின் நிழலைத்தான்.' அச்சுக்குப் போய்விட்டது. மேனேஜர் பெயரில்.

முழு வேலையும் இன்று ஐந்து மணிக்கு வட்டு போடுகிறவர்களுக்குப் போக வேண்டும். போனதும், துடைப்பதற்கு முன் ரீலிலிருந்து எடுத்த பழைய ஸ்கேனை அழித்துவிடுவார்கள். அதை வைத்துக்கொள்ள இங்கே இடமில்லை. ரீல் சுருளே ஸ்கேன் முடிந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருந்தது.

மூன்று முப்பத்தைந்துக்குத் துடைத்து முடித்து ஓட விட்டாள். கறை இருந்தது. இப்போது உள்ளங்கை அளவு.

அவள் ஓடுகிற படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா நகர்ந்தது. ஜன்னல் நகர்ந்தது. கறையும் ஜன்னலோடு நகர்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தூசி என்றால் ஒரு ஃப்ரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. லென்ஸில் அழுக்கு என்றால் கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் திரையில் அதே இடத்தில் நிற்கும். காட்சியோடு சேர்ந்து நகர்வது படம் பிடித்த அன்று கேமராவுக்கு முன்னால் இருந்த பொருள். அதைத் தொடவே கூடாது. இந்த வேலையில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. காலையில் அவசரத்தில் காட்சியை ஓட்டிப் பார்க்காமல், நின்ற ஃப்ரேம்களை மட்டும் ஒவ்வொன்றாகத் துடைத்துத் தள்ளியிருக்கிறாள்.

பழைய வீடு, கண்ணாடியே அழுக்காக இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இன்டர்காமை எடுத்துப் பக்கத்து அறைக்கு அடித்தாள். அங்கே சவுண்டு அண்ணன். படத்தின் ஒலியில் இருக்கும் கரகரப்பை எடுப்பது அவர் வேலை. படித்தவள் என்று அவளை டிகிரி என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன டிகிரி, பாத்ரூமா? என்கிட்ட கார்டு இல்லம்மா. இருந்தா நானே வீட்டுக்கு ஓடியிருப்பேன்."

"விளையாடாதீங்கண்ணா. ஒன்பதாவது ரீல்ல வித்தியாசமா ஏதாவது கேட்டுச்சா?"

"அதுல வீடு எரியற சத்தத்த மட்டும் அங்கேயே பதிவு பண்ணியிருக்காங்க. பிரமாதம் போ. நடுவுல ஒரு தட்டுற சத்தம். கேமரா மோட்டாரா இருக்கும்னு எடுத்துட்டேன்."

"மோட்டார்னா ஒரே சீரா கேக்குமே."

"சீரா இல்லதான். மூணு தட்டு, ஒரு நிறுத்தம். மூணு தட்டு, ஒரு நிறுத்தம். கடைசியில நிறுத்தமே இல்ல. ஒரு நாள் பூரா உக்காந்து எடுத்தேன், ஒருத்தனும் பாராட்ட மாட்டேங்கறான்."

அவள் இன்டர்காமை வைத்தாள்.

வட்டில் கூடுதலாகப் போட ஒரு பேட்டி இருந்தது. அந்தப் படத்தில் உதவிக் கேமராமேனாக இருந்தவர் பேசியது. படம் தெளிவா என்று மட்டும் பார்த்து ஏற்கெனவே ஓகே சொல்லியிருந்தாள். இப்போது சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாள்.

"கதாநாயகிக்கு ஒரு டூப்பு இருந்துச்சுங்க. லைட்டு பாக்கறதுக்கு, முதுகு காட்டறதுக்கு, பொணமாப் படுக்கறதுக்கு. சின்னப் பொண்ணு. பேரு... நாங்க நிழலுன்னுதான் கூப்பிடுவோம்." சிரித்தார். "அதே புடவை, அதே கொண்டை. ஷூட்டிங் பாக்க வர்ற கூட்டம் ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துட்டா கதையில இருக்கற திருப்பம் வெளிய போயிடுமில்ல? அதனால வேலை இல்லாத நேரத்துல மாடி ரூம்ல உக்கார வெச்சு வெளிய பூட்டிடுவோம். சமத்தா இருக்கும், ஒண்ணும் சொல்லாது."

பேட்டி எடுப்பவர் கேட்டார்: "வீட்டை எரிச்ச அன்னிக்கு எப்படி சார் இருந்துச்சு?"

"அது ஒரே டேக்குங்க. காலையிலேயே எல்லாரும் பரபரன்னு இருந்தோம். அன்னிக்குப் பாத்து அந்தப் பொண்ண காணோம். சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிடுச்சுன்னாங்க."

"ரூமைத் திறந்து பாத்தீங்களா?"

"அது புரொடக்ஷன் ஆளுங்க வேலைங்க. நான் கேமரா."

அடுத்த கேள்வி லென்ஸைப் பற்றி.

அவள் துடைக்காத பழைய ஸ்கேனைத் திறந்தாள். மூன்றாவது ஜன்னலைப் பெரிதாக்கினாள். தீற்று புள்ளிகளாகப் பிரிந்தது, புள்ளிகள் கறுப்பும் வெளுப்புமாகக் கூடின. ஐந்து விரல். விரல்களுக்குப் பின்னால் ஒரு நெற்றி. கண்ணாடியில் அழுந்தி வெளுத்த மூக்கு. அதற்குக் கீழே வாய். ஃப்ரேம் ஃப்ரேமாகத் தட்டினாள். வாய் திறந்தது, மூடியது, திறந்தது. மங்கல் பிரதியில் எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. இத்தனை வருடம் கழித்து இவ்வளவு தெளிவில் பார்த்த முதல் ஆள் அவள். பார்த்து, ஒன்று விடாமல் துடைத்த ஆளும் அவள்.

மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், டெலிவரியை நிறுத்துங்க. ஒன்பதாவது ரீல்ல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"நீ பண்ணாத தப்பாம்மா? கறை இருக்கா, போயிடுச்சா?"

"அது கறை இல்ல சார். ஆளு. ஒரு பொண்ண உள்ள வெச்சுப் பூட்டிட்டு வீட்டைக் கொளுத்தியிருக்கானுங்க. அந்த ஸ்கேனைத் தவிர வேற எதுலயும் அவ இல்ல. அதை அழிச்சிராதீங்க."

"ரெண்டு வார்த்தை எழுதத் தெரிஞ்சதும் கதையெல்லாம் விட ஆரம்பிச்சுட்டே."

"நான் எழுதினதுல உங்க பேரைப் போட்டுக்கிட்டீங்க, வாயைத் திறந்தேனா? இதுக்குத் திறப்பேன். கதவைத் திறங்க, நேர்ல காட்டறேன்."

"அஞ்சு மணிக்குத் திறக்கறேன். அது வரைக்கும் வேலையைப் பாரு."

மணி நாலு இருபது.

சரி, இவன் வேண்டாம், நானே வைத்துவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தாள். அவளைத் திரும்ப ஜன்னலில் வைத்து அனுப்பிவிட்டால் வட்டு வாங்குகிறவன் எவனாவது ஒருவன் பார்ப்பான். பழைய ஸ்கேனிலிருந்து முன்னூற்றுப் பன்னிரண்டு ஃப்ரேமையும் அப்படியே எடுத்துப் புதியதில் பதித்தாள். ஓட விட்டாள்.

ஜன்னல் சுத்தமாக இருந்தது.

தவறாக எடுத்திருப்பேன். ஸ்கேனையே மறுபடி திறந்தாள். அங்கேயும் காலி. பெரிதாக்கினாள். இருட்டுக் கண்ணாடியின் கீழ் மூலையில் லேசான ஒரு விளிம்பு. பூசிய தடம். ஓரத்தில் கொஞ்சம் இழுத்து மழுக்குவது அவள் பழக்கம். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. யாரும் தொடாத ஸ்கேனில் அவளுடைய கைவேலை.

ஏசி நின்றது.

அது நின்ற பிறகுதான் அறையில் இன்னொரு சத்தம் இருந்தது தெரிந்தது. டொக், டொக், டொக். பிறகு நிறுத்தம். ஒலிபெருக்கியைப் பார்த்தாள்; அணைந்திருந்தது. டொக், டொக், டொக். சுவரில் ஒட்டிய கறுப்புத் துணிக்குப் பின்னால் இருந்து வந்தது, அல்லது மேஜைக்கு அடியில் இருந்து, அல்லது அவள் பல்லுக்குள் இருந்து. பட்டுத் துணி கருகும் வாசனை வந்தது. அதற்குப் பின்னால், மெல்ல, முடி கருகும் வாசனை.

இன்டர்காமை எடுத்தாள்.

"அண்ணா, உள்ள ஏதோ எரியுது. சாரைக் கூப்பிடுங்க. கதவைத் திறக்கச் சொல்லுங்க!"

"ஹலோ? யாரு?"

"நான்தாண்ணா! டிகிரி!"

"ஹலோ... ஒண்ணும் கேக்கலயே. டொக்கு டொக்குன்னு தட்டற சத்தம் மட்டும்தான் வருது." யாரிடமோ திரும்பிச் சொன்னார்: "இந்த லைனையும் சுத்தம் பண்ணணும் போல."

வைத்துவிட்டார்.

அவள் கத்தினாள். தொண்டை கிழிந்தது. கறுப்புத் துணி சத்தத்தைக் குடித்தது. கதவுக்கு ஓடினாள். கைப்பிடி இல்லாத கதவு. கார்டு வைக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு விளக்கு. உள்ளங்கையால் அடித்தாள். கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை அழுத்தினாள்.

வெளியே நடைவழி. பகல் வெளிச்சம். லாக்கர் வரிசை. தண்ணீர் பிடிக்கும் ஒருத்தி. இரண்டே எட்டுத் தூரம்.

அவள் தட்டினாள். மூன்று தட்டு. மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். மூன்று தட்டு.

மேனேஜர் வந்தார். கையில் கார்டு. நேராகக் கதவை நோக்கி வந்தார். அவள் அழுதே விட்டாள். சார். சார். கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி, நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"இங்க என்ன இவ்வளவு அழுக்கு," என்றார்.

சட்டைப் பையில் இருந்து கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்தார்.

துணி இடது ஓரத்தில் பட்டது. தட்டிக்கொண்டிருந்த இடது கை நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். கை இல்லை. வலி இல்லை. இருட்டுத்தான் இருந்தது, பக்கத்து இருட்டில் கொஞ்சம் எடுத்துப் பூசியது போல, ஓரத்தில் லேசாக இழுத்து மழுக்கி.

துணி மறுபடி போனது. நெற்றி.

கண்கள்.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கீழ் மூலையில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. திறந்து, மூடி, திறந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சாம்பல் தீற்று.

கண்ணாடியில் வாய் வைத்து ஹா என்று ஊதி, துணியை மடித்துக்கொண்டார்.