கறுத்த தலை

வெளியே மழை இல்லை. ஆனால் தரைப்பலகைக்கு அடியில் மழை பெய்கிற சத்தம் கேட்டது.

வால்டெமிர் வாயில் போட்ட மரவள்ளி மாவை மெல்லாமல் நிறுத்தினான். மதிய வெயிலில் தகரக்கூரை காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளக் காலம் என்பதால் ஏரி ஏறி வந்து வீட்டின் மரக்கால்களை விழுங்கிவிட்டு, பலகைக்கு இரண்டு முழம் கீழே பால்காப்பி நிறத்தில் அசையாமல் கிடந்தது. அந்த அசையாத தண்ணீரில்தான் நூறு சின்ன வாய்கள் ஒரே நேரத்தில் திறந்து மூடுவதுபோல், சொட் சொட் சொட்டென்று. பிறகு ஒன்றுமில்லை. அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தான். சத்தமும் படிக்குக் கீழே வந்தது.

“சனியன் பிடிச்ச தண்ணி,” என்றான்.

நான்கு மாதமாக அவனுக்கும் இந்தத் தண்ணீருக்கும் சண்டை. தூரக் கிழக்கே அவன் பிறந்து வளர்ந்த சாவோ பிரான்சிஸ்கோ ஆற்றில் தண்ணீர் ஓடும். தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டால் அடியில் கெளுத்தி இரையை முகர்வதுகூட விரலுக்குத் தெரியும். மேலே அணையைக் கட்டி அந்த ஆற்றை முழங்கால் ஆழத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், பாவிகள். பெண்டாட்டி ஊரான இந்த அமேசான் ஏரிக்கு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. இங்கே தூண்டிலுக்கு மரியாதை இல்லை. ‘பிராருக்கு’ என்கிற ஆள் நீள மீன் காற்றைக் குடிக்க மேலே வரும். ஒரு தடவை வந்து போனால் அடுத்த மூச்சு எப்போது, எந்த இடத்தில் என்று மனதுக்குள் எண்ணியபடி தோணியில் ஆடாமல் உட்கார வேண்டும்; வந்த நொடியில் ஈட்டியை விட வேண்டும். மூன்று நாள் முன்பு வரை அவன் ஈட்டி ஒரு செதிலைக்கூடத் தொட்டதில்லை.

“கோவத்துல வேகமா எண்ணுற, மாப்ளே. மீனு மெதுவா எண்ணுது,” என்பான் ஒசெயாஸ், மனைவி ஜாசிராவின் அண்ணன். எல்லோர் முன்னாலும் சொல்வான். “உங்க ஆத்துலதான் தண்ணியே இல்லையாமே, அங்க மணலையா எண்ணிக்கிட்டிருந்த?” தோணித்துறையே சிரிக்கும்.

அன்றுதான் அவனும் ஒன்றை அடித்தான். எப்படி அடித்தான் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். பாய் அகலத்துக்குத் தண்ணீர் கறுத்துக் கொதித்துக்கொண்டிருந்தது, எல்லாம் குஞ்சுகள். அவற்றின் நடுவே, காவல் காக்கும் காலத்தில் கறுத்துப்போகும் அப்பன் மீனின் தலை, குஞ்சுகள் மூச்சு வாங்கும்போதெல்லாம் கூடவே மெல்ல மேலே வந்து போனது. எண்ணவே தேவையில்லை. குஞ்சு வைத்திருக்கும் அப்பனை இந்த ஏரியில் யாரும் தொடுவதில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் ஈட்டியை விட்டான். அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

ஒசெயாஸ் வீட்டுத் தரையில் வைத்து மீனைத் துண்டு போடும்போது அதன் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

“குஞ்சு இருந்துச்சா?”

“இல்ல.”

“தலை கறுத்திருக்கே.”

“இல்லன்னு சொல்றேன்ல.”

ஒசெயாஸ் அன்று சிரிக்கவில்லை. கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னான்: “அதுங்க சாகாது, மாப்ளே. இன்னொரு கறுத்த தலையத் தேடும். கிடைக்கிற வரைக்கும் தேடும்.”

இன்று ஜாசிராவும் அண்ணனும் மேட்டுக்கரைக்கு மாவு வறுக்கப் போயிருந்தார்கள். வீட்டில் அவனும் ஐந்து வயது மகள் தைனாவும்தான். அவள் குப்புறப் படுத்து, பலகை இடுக்கில் ஒரு கண்ணை வைத்திருந்தாள். கருகருவென்ற கூந்தல் இருபக்கமும் தரையில் பரந்து கிடந்தது.

“அப்பா, நீ நடந்தா அதுங்களும் நடக்குதுங்க.”

அவன் அடுப்பு வரை நடந்தான். சொட் சொட் சொட். தான் படுக்கும் வலைத்தூளி கட்டிய தூண் வரை நடந்தான். கூடவே வந்தது. மீன் வெட்டியபின் மூன்று முறை சாம்பல் போட்டுத் தேய்த்த பலகையிலிருந்து பச்சை ரத்த வாடை எழுந்தது. காலை ஓங்கி மிதித்தான். நிசப்தம். பிறகு, மிகச் சரியாக அவன் உள்ளங்காலுக்குக் கீழே, எல்லா வாய்களும் திறந்தன.

அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. துடுப்பை எடுத்துக்கொண்டு தோணியில் குதித்தான். வீட்டுக்கடியில் கறுத்துக் கிடந்த தண்ணீரை அடித்தான், மறுபடி அடித்தான், கை மரத்துப்போகும் வரை அடித்தான். விரல் நீளக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மற்றவை விலகின, மறுபடி கூடின. அவன் நிழல் விழுந்த இடத்தில் கூடின.

“நான் உங்கப்பன் இல்ல! தொலைங்க!”

மேலே இடுக்கில் மகளின் கண் தெரிந்தது.

“அப்ப அதுங்களுக்கு யாருப்பா இருக்கா?”

“எவனாவது இருக்கட்டும். ரொம்பப் பாவமா இருந்தா நீயே போய் இரு, போ.”

கண் இமைத்தது. பிறகு இடுக்கில் கண் இல்லை.

சத்தம் நின்றுவிட்டது. அப்பாடா என்று ஏறி வந்து, நனைந்த கையோடு தூளியில் சாய்ந்தான். தைனா சமையல் மூலையில் தனக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்ட நிம்மதியில் கண்ணை மூடினான்.

விழித்தபோது வானம் மூடியிருந்தது. பாட்டு இல்லை. தவளைச் சத்தம்கூட இல்லை.

“தைனா?”

மீன் கழுவுவதற்காகக் கழற்றி மாட்டும் தரைப்பலகை ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவள் கவுன். மடித்து. காய்ந்து.

கீழே தண்ணீர் கறுத்திருந்தது. பாய் அகலத்துக்கு.

குதித்தான். கண்ணைத் திறந்தால் சேறு. கையில் கூந்தல் பட்டது. வழுக்கியது. போய்விட்டது. மூச்சு முட்டி மேலே வந்தான். மூழ்கினான். வந்தான். எத்தனை முறை என்று தெரியவில்லை. அவளைப் பெயர் சொல்லித் திட்டினான், கெஞ்சினான், மறுபடி திட்டினான்.

நாலாவது மரக்காலுக்கு அருகே தண்ணீர் மெல்லப் பிளந்தது. சின்னச் சின்ன வாய்கள். நடுவில் கரிய தலை. அவள் முகம் வானத்தைப் பார்த்துத் திரும்பியது. உதடுகள் வட்டமாகத் திறந்து காற்றை ஒரே மடக்கில் குடித்தன. கண்கள் அவன் மேல் பட்டு, தூணின் மேல் படுவதுபோல் பட்டு, கடந்துபோயின. முகம் அமிழ்ந்தது. அவன் பாய்ந்து சேர்வதற்குள் அங்கே ஒன்றுமில்லை.

படியில் ஏறி உட்கார்ந்தான். தோணியில் உட்காருவதுபோல் ஆடாமல் இருந்தான்.

இருட்டும் முன் மேட்டுக்கரையிலிருந்து தோணி வந்தது. தூரத்திலிருந்தே ஜாசிரா கூப்பிட்டாள், “தைனா, அம்மா என்ன கொண்டாந்திருக்கேன் பாரு.”

ஒசெயாஸ் திறந்து கிடந்த பலகையைப் பார்த்தான். துடுப்பைத் தூக்கியவன் தண்ணீரில் வைக்கவில்லை.

“மாப்ளே, பிள்ள எங்க?”

வால்டெமிர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினான்.

“பேசாதீங்க. எண்ணிக்கிட்டிருக்கேன்.”

மெதுவாக, மிக மெதுவாக, அவன் உதடுகள் அசைந்தன. மரக்கால்களுக்கு நடுவே தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.